இணையத்தில் கடை வைத்தவரும் நாடி வருபவரும்

'சனம் நடக்கிற பக்கம் கடை முகத்தைத் திருப்பு' என்பது வணிகத்தில் எங்கள் பெரியவர்கள் சொல்லித்தந்த முதல் பாடம். தாராவி தொண்ணூறடிச் சாலையானாலும், மாட்டுங்கா சந்தையானாலும், செம்பூர் ரயிலடியானாலும் இதுதான் விதி. இணையதளமும் ஒரு கடைதான். வியாபாரியுடையது என்றாலும் சங்கத்துடையது என்றாலும், சனம் போகும் திசையைப் பாராதவன் கடையில் விளக்கு எரியும், ஆள் வராது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த நடமாட்டம் மூன்று முறை திசை மாறியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். ஒரு படம் விரிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்! அந்நாளில் முகவரி தெரிந்தவர்தான் தளத்துக்கு வந்தார். தமிழ்த் தளங்களோ ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. 'முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று வாசலிலேயே எழுதியிருக்கும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, பொதுவான குறியீட்டையும் விசைப்பலகையையும் வகுத்தது.

அதற்குள் முதல் திசைமாற்றம் வந்துவிட்டது. முகவரியை நினைவில் வைப்பதை விட்டு, மக்கள் கூகுள் போன்ற தேடுபொறிகளிடம் கேட்கத் தொடங்கினார்கள். இங்கேதான் பழைய தமிழ்த் தளங்கள் அடிபட்டன. ஏனென்றால் தேடுபொறி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அதற்குரிய எண்ணைத்தான் பார்க்கிறது. பாமினி எழுத்துருவில் 'அ' என்பது ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்கு 'அம்மா'. தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எத்தனை நல்ல கட்டுரையாக இருந்தால்தான் என்ன, தேடுபவருக்குக் கிடைக்காது. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். 1991 முதலே அதில் தமிழ் உண்டு. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திருக்குறள் முதலிய நூல்களை டிஸ்கி குறியீட்டில் வெளியிட்டது. பின்னர் அவற்றை யூனிகோடிலும் தந்தது. அதனால்தான் அந்த நூல்கள் இன்றும் தேடக் கிடைக்கின்றன. அப்படி மாறாத தளங்கள் பல, இருந்தும் இல்லாதவை ஆயின.

இரண்டாவது மாற்றம் கணினியிலிருந்து கைப்பேசிக்கு. ஸ்டாட்கவுன்ட்டர் என்ற கணக்கெடுப்பு நிறுவனத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் 2012-லேயே கைப்பேசி வழி இணையப் பயன்பாடு கணினியை முந்திவிட்டது. உலக அளவில் இது நடந்தது 2016 அக்டோபரில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், தாராவியில் தையல் மெஷின் முன் இருப்பவர் கையிலும் இணையம் வந்துவிட்டது. கைப்பேசிக்கு ஏற்ற தளங்களைக் கைப்பேசித் தேடலில் முன்னே காட்டுவது என்று கூகுள் 2015 ஏப்ரலிலேயே செயலில் இறங்கியது. ஆகவே கணினித் திரைக்கென்று அகலமாகக் கட்டிய பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்கச் சொன்னால், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

மூன்றாவது மாற்றம், சொந்தக் கடையை விட்டு இரவல் திண்ணைக்குப் போனது. 'வாட்ஸ்அப் இருக்கே, பேஸ்புக் இருக்கே, தனியா வெப்சைட் எதுக்குங்க?' என்று பலரும் கேட்கிறார்கள். ஆள் கூடும் இடத்தில் நாமும் இருக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் திண்ணை நம்முடையது அல்ல. இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. நம் பிள்ளைகள் கூடியிருந்த ஆர்குட் 2014 செப்டம்பரோடு முடிந்தது. எடுத்து வைத்துக்கொள்ளாதவர்களின் எழுத்தும் படமும் அதோடு போச்சு.

இனி, தளம் வைத்திருப்போர் செய்ய வேண்டியது என்ன? எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பக்கம் கைப்பேசியில் சட்டென்று திறக்கட்டும். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் அது வேறொருவர் கைக்குப் போய்விடலாம். செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் அது பழைய செயலாளரோடு ஊருக்குப் போய்விட்டது. தளம் ஐந்து வருஷமாகப் பழைய பொங்கல் விழா அழைப்பிதழையே காட்டிக்கொண்டிருந்தது!

இன்னொன்று. மும்பையில் பிறந்த நம் பேரன் பேத்திகளில் பலர் தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். தலைப்பையாவது இரு எழுத்திலும் கொடுப்பது நல்லது. விழா மலர்களை வெறும் படமாகப் பிடித்து ஏற்றிவிட்டு 'எல்லாம் இணையத்தில் இருக்கு' என்று இருந்துவிடுவதும் போதாது. அவ்வப் பக்கத்தின் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு இம்மூன்றையாவது எழுத்தாகத் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும். மும்பைத் தமிழரின் வரலாற்றில் பெரும் பகுதி இத்தகைய மலர்களில்தான் கிடக்கிறது. தேடும்போது கிடைக்காவிட்டால், அப்படியொரு வரலாறே இல்லை என்றுதான் அடுத்த தலைமுறை நினைக்கும். சரக்கு நம்மிடம் நிறையவே இருக்கிறது அன்பர்களே. அதைத் தேடுவோர் கண்ணில் படும்படி அடுக்கி வைப்போம்.