நாணயமே முதல்

மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் வேளையில், விதைநெல் வாங்கக் கையிற் காசில்லாத கமக்காரனின் நிலை இரங்கத்தக்கது. உழைக்க உடல் உண்டு. உழுவதற்கு நிலமும் உண்டு. ஆயினும் இன்று செலவிட வேண்டிய தொகை, சில மாதங்களின் பின்னரே விளைச்சலாகத் திரும்பி வரும். அந்த இடைவெளியிலேதான் வட்டிக்காரன் புகுகின்றான். மனைவியின் நகை அடைவுக்குப் போகின்றது. அறுவடைக்கு முன்னரே நெல்லுக்கு விலை பேசப்படுகின்றது. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம், அடுத்த விதைப்புக்கும் அதே வாசலிலே போய் நிற்கின்றது.

இந்த இடைவெளியை ஊரவரின் கூட்டுறவால் நிரப்பலாம் எனக் காட்டியவர்களுள், ஜேர்மனியிலே சிற்றூர்களின் தலைவராயிருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் முதன்மையானவர். 1846, 1847ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது, அவர் வசதி படைத்தோரின் பணத்தைத் திரட்டி ஏழைகளுக்கு உணவு கிடைக்கச் செய்தார். 1849இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் ஊரில், ஏழைக் கமக்காரருக்கு உதவும் சங்கமொன்றை அமைத்தார். இம்முயற்சிகள் செல்வரின் ஈகையை நம்பியே நின்றன. அவர்தம் ஆர்வம் தளர்ந்தால் உதவியும் தளரும் என்பதை அனுபவம் உணர்த்தியது. ஆகவே 1864இல் ஹெட்டெஸ்டோர்ப் என்னும் ஊரில் அமைந்த சங்கத்திலே, கடன் பெறுவோரே அங்கத்தவராகவும் பொறுப்பாளராகவும் விளங்கினர்.

அச்சங்கத்தின் முறைகள் எளியவை. ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரே அதன் எல்லை. அங்கத்தவர் தம்மாலியன்ற சிறுதொகையைச் சேமிப்பர். கடன் கேட்பவர், அது எதற்கென்று கூறவேண்டும். அயலவர் பிணை நிற்கவேண்டும். விளைச்சல் கைக்கு வருங் காலத்தை நோக்கியே தவணை வகுக்கப்படும். பணம் படைத்தவருக்கும் இல்லாதவருக்கும் வாக்கு ஒன்றே. இலாபம் பொதுச் சேமநிதியிற் சேரும்.

இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு வழிவகுத்தது. தமிழர் வாழும் பகுதிகளில் அவை ஐக்கிய நாணய சங்கங்கள் என வழங்கப்பெற்றன. பெயரிலேயே பொருள் உண்டு. நாணயம் என்பது காசையுங் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையுங் குறிக்கும். காணியுறுதியும் நகையும் இல்லாத ஏழைக்கும் இரண்டாவது நாணயம் உண்டு. வங்கி அதனை அளந்தறிய மாட்டாது, அயலவர் அறிவர். அந்த அறிவைக் கடனுக்கு ஈடாக்கியதே இச்சங்கங்களின் சிறப்பு. காலப்போக்கிற் பல சங்கங்கள் நலிந்தன. எனினும் 1978இல் கேகாலைப் பகுதியின் வல்கம என்னும் ஊரில் பி. ஏ. கிரிவந்தெனிய தொடங்கிய முயற்சியால், சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் மீண்டும் தழைத்தன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிற்காலத்து நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்தனவே. பல குடும்பங்கள் அதனால் மீளாக் கடனில் ஆழ்ந்தது ஏன்? குழுவின் வடிவம் ஒன்றே, உயிர் வேறு. அங்கே பணமும் வட்டியும் விதியும் வெளியிலிருந்து வந்தன. சில மாதங்களுக்கொருமுறை விளையும் நிலத்தை நம்பியவரிடம் கிழமைதோறும் தவணை கேட்கப்பட்டது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப்பட்டது. 2018இல் வறட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்களுடைய சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வருமளவுக்கு நிலைமை முற்றியது. அயலவரின் பிணை, ஐக்கிய சங்கத்திலே தாங்கும் தோளாயிருந்தது. இங்கே நெருக்குங் கயிறாயிற்று.

எனினும் ஊர்ச் சங்கம் என்ற காரணத்தால் மட்டும் எதுவும் தூய்மையாகிவிடாது. நிருவாகிகள் தம் உறவினருக்கே கடன் வழங்கினால், பொதுக்கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்படாவிட்டால், வாங்கிய கடனைத் திருப்பாதவரிடம் கேட்க ஊரவர் கூசினால், சங்கம் பெயரளவிலே எஞ்சும். கணக்குப் புத்தகத்தை ஒவ்வோர் அங்கத்தவரும் பார்த்துக் கேள்வி கேட்பதே அதற்குக் காவல்.

ஈகை ஒரு நாட் பசியைத் தீர்க்கும்; அதற்கும் வாழ்விலே இடமுண்டு. ஆனால் விதைப்புக் காலத்தில் ஊரவரின் நம்பிக்கையைப் பெற்று, அறுவடையிலே அக்கடனைத் தீர்த்த கமக்காரன், மறு ஆண்டில் இன்னொருவனுக்குத் தானே பிணை நிற்கின்றான். ஒரு குடும்பம் தன் காலில் நிற்கின்றது என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை.