ஒரு ஸ்டூலுக்கு 73 ஆண்டு

தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மெப்ஸ் வளாகம் இருக்கிறது. ஏற்றுமதிக்கென்று 1984இல் தொடங்கி, பிறகு சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிய இடம். அங்குள்ள ஆயத்த ஆடை கம்பெனிகளில் தையல் மெஷின்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பகுதிகளில் இருப்பவர்களுக்கு நிற்கிற வேலை. அப்படி நிற்பவர்களும் இடையிடையே உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் எழுதி வைத்தது.

அதே சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் குரோம்பேட்டை, அடுத்து பல்லாவரம். மாடி மாடியாக ஜவுளிக் கடைகள். அங்கே அதே மாதிரி ஒரு சட்டையைப் பிரித்துக் காட்டி, வேண்டாம் என்றதும் மடித்து அடுக்கி, அடுத்ததைப் பிரிக்கும் பெண்ணுக்கு உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறியது 2021இல். சட்டையைத் தயாரித்தவருக்குக் கிடைத்த ஸ்டூல் அதை விற்றவருக்கு வந்து சேர 73 ஆண்டு ஆனது.

அந்த உரிமை என்ன சொல்கிறது, யாருக்குப் பொருந்தும், நான்கைந்து ஆண்டுக்குப் பிறகும் கடைகளில் ஏன் பாதி உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடைத் தொழிலாளர்களுக்கான அடிப்படைச் சட்டம் நம்மிடம் சுதந்திரம் வந்த காலத்திலிருந்தே உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எல்லாம் அதில் இருந்தது. உட்காருவதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் கிடையாது. சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்த கடை, முதலாளி கல்லாவிலும் கணக்குப்பிள்ளை திண்டிலும் உட்கார்ந்து, ஜமக்காளத்தில் துணியை விரித்துக் காட்டும் கடையாக இருந்திருக்கலாம். பிறகு கவுன்டர் வந்தது, மாடிகள் வந்தன, மின்படிக்கட்டு வந்தது. விற்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டக் கிராமங்களிலிருந்தும் பள்ளிப்படிப்போடு வந்து, கடை நடத்தும் விடுதியில் தங்கி, அதே கடையின் மெஸ்ஸில் சாப்பிட்டு வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ ஊருக்கே காட்டியது. படம் பார்த்து அழுதோம். சட்டம் மாற அதற்குப் பிறகும் 11 ஆண்டு பிடித்தது.

மாற்றம் தொடங்கியது கேரளத்தில், அதுவும் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில். அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். தையல் வேலை பார்த்த விஜி பாலித்தொடி அவர்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அடுத்து உட்கார இடம் கேட்டார்கள். இருக்கைக்கான அந்தப் போராட்டம் பல ஆண்டு நடந்து, 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இருக்கைக்கான யோசனையை ஒருமனதாக ஏற்றது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947 சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு பிறந்தது.

அந்தப் பிரிவு ஒரே வாக்கியம்தான். ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை வைக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி வேண்டும். நாள் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை கூடாது. இதன் அச்சு அசலான முன்னோடி 1948ஆம் ஆண்டின் 44ஆம் பிரிவு. அதை மாநிலச் சட்டத்தில் எழுதிச் சேர்க்க ஒரு பத்தி போதுமாக இருந்தது என்பதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

இது ஜவுளிக் கடைக்கு மட்டுமான சட்டமும் இல்லை. நகைக் கடை, பாத்திரக் கடை, சூப்பர் மார்க்கெட், பேக்கரி என அந்த 1947 சட்டத்துக்குள் வரும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆண், பெண் வேறுபாடு கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவருக்கும், சேலைப் பிரிவில் நிற்பவருக்கும், பேக்கரியில் பப்ஸ் எடுத்துத் தருகிறவருக்கும் ஒரே உரிமை.

நிற்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடந்தால் ஒன்றும் ஆகாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நிற்கும்போது அந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், அதன் அழுத்தத்தில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருளும். வெரிகோஸ் என்று டாக்டர் சொல்வதைத்தான் கடைப் பெண்கள் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறார்கள். சாயங்காலம் செருப்பு வார் இறுகும். குதிகாலும் இடுப்பும் வலிக்கும். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பத்தின் மாதங்களிலும் இது என்ன பாடு என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். இவையெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. இருபது வயதில் நின்றதற்கு நாற்பது வயதில் கால் கணக்குக் கேட்கும். அப்போது அந்தப் பெண் கடையில் இருக்க மாட்டார், மருத்துவச் செலவு அவர் வீட்டுக் கணக்கில் ஏறும்.

சரி, சட்டம் வந்தது. ஸ்டூலும் பல கடைகளில் வந்தது. கவுன்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும். அதன்மேல் பெரும்பாலும் துணிக்கட்டு இருக்கும்.

ஸ்டூலில் ஆள் உட்காராததற்குப் பல காரணம் உண்டு. மேலே கேமரா, பக்கத்தில் சூப்பர்வைசர். பிரிவுக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற கணக்கு. உட்கார்ந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள் என்பது எழுதப்படாத விதி. சட்டத்தில் உள்ள ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்ற சொல்லும் முதலாளிக்கு வசதியாகிவிடுகிறது. வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? ஆளில்லாத மத்தியான வேளையிலும் துணியை மறுபடி மடிக்கச் சொல்லலாம். விடுதியில் தங்கியிருப்பவருக்கு இன்னொரு பயமும் சேரும். வேலையை இழந்தால் அதே ராத்திரி படுக்கையும் சாப்பாடும் போய்விடும். ஊரும் வெகு தொலைவில்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது, அது பழையது. பெரியவர் முன்னால், முதலாளி முன்னால், மேல்சாதி என்று சொல்லிக்கொள்கிறவர் முன்னால் உட்காரக் கூடாது என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. நாற்காலி நம் நாட்டில் வெறும் மரச்சாமான் ஆகாது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதில் யார் மனிதர் என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. ‘வாடிக்கையாளருக்கு மரியாதை’ என்ற பெயரில் கடைகள் எதிர்பார்ப்பது அந்தப் பழைய நிற்றலின் புதுப் பதிப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஹுவான் சோமாவியா 1999இல் ‘கண்ணியமான வேலை’ என்ற சொல்லை முன்வைத்தார். வேலை கிடைப்பதோடு நியாயமான சம்பளம், பாதுகாப்பு, வாய் திறந்து பேசும் உரிமை, மனிதர் என்ற மதிப்பு ஆகிய எல்லாமும் சேர்ந்தால்தான் அது வேலை என்பது அதன் சாரம். 2015இல் ஐ.நா. வகுத்த இலக்குகளில் எட்டாவதாக அது இடம்பிடித்தது. இவ்வளவு பெரிய சொல்லின் மிகச் சிறிய உருவம் நம் குரோம்பேட்டை ஸ்டூல். கடைக்கும் விற்பனை ஊழியருக்கும் போதுமான இருக்கை வேண்டும், அதைப் பயன்படுத்த வாய்ப்பும் தர வேண்டும் என்று அதே அமைப்பின் 120ஆம் உடன்படிக்கை 1964லேயே சொல்லிவிட்டது. இருக்கை ஒன்று, வாய்ப்பு இன்னொன்று. நாம் முதலாவதோடு நின்றுவிட்டோம்.

அரசு செய்ய வேண்டியது எளிதில் விளங்கும். இந்தச் சட்டத்தைப் பார்ப்பவர்கள் தொழிலாளர் துறையின் துணை ஆய்வாளர்களும் உதவி ஆய்வாளர்களும். எடைக்கல் சரியா, பாக்கெட்டில் விலை அச்சாகியிருக்கிறதா, குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா, குறைந்தபட்சக் கூலி தருகிறார்களா என்று பார்ப்பதும் அதே ஆட்கள்தான். அவ்வளவு வேலைக்கு நடுவே ஒரு கடைக்குள் நுழைந்தால் ஸ்டூலை எண்ணிவிட்டுப் போவதுதான் நடக்கும். மதியம் மூன்று மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால்தான் சட்டம் நடக்கிறதா என்று தெரியும். அதுவும் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், இரவு கடை அடைக்கும் நேரத்திலும் போய்ப் பார்க்க வேண்டும். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அனுமதித்து, 2022இல் நீட்டித்த அரசாணையிலேயே, பெண்களின் எழுத்துபூர்வ சம்மதமின்றி இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வார விடுமுறை சுழற்சி முறையில் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. அவையும் ஸ்டூலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

தாம்பரமும் பல்லாவரமும் 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வருகின்றன. புகாரை அம்மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம். கடையின் பெயர், தளம், பிரிவு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை நிற்கிறார்கள் என்பதை எழுதினால் போதும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கடை இ.எஸ்.ஐ. வரம்பில் வந்தால், ஊழியர் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்ட வேண்டும். கால் நரம்புக்கு மருத்துவம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே பார்க்கலாம் என்பது பல பெண்களுக்குத் தெரியாமலே போகிறது. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்பிலும், நின்று வேலை செய்பவருக்கு இருக்கை என்ற வரி தொடர்கிறது. ஆகவே சட்டம் மாறியதால் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊர் என்ன செய்ய முடியும்? நம் தென் புறநகருக்குக் கூட்டாகக் கேட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. சிட்லபாக்கம் ஏரிக்காகக் குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் மனுவும் கையுமாக அலைந்தார்கள், ராதா நகர் சுரங்கப்பாதைக்கும் அப்படித்தான். அதே சங்கங்களின் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக இது வரலாம். நம் தெருவுக்கு முன்னால் இருக்கும் கடையில் நம் தெருப் பெண்தான் நிற்கிறார். வணிகர் சங்கங்கள் மே 5 வணிகர் தினத்தில் உறுப்பினர்களிடம் இதைச் சொல்லலாம். சிறு கடைக்காரர்களுக்கு இதில் பெரிய செலவில்லை, பெரிய கடைகளுக்குச் செலவே இல்லை.

கூட்டாகக் கேட்டால் அரசு கேட்குமா என்ற சந்தேகம் வேண்டாம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக 100 ஆண்டு நிறைந்த நாள் அது.

உட்கார இடம் தேடுபவர்கள் கடைக்குள் மட்டும் இல்லை. மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் சாப்பாட்டுக் கடை வாசலில், பைக் சீட்டையே நாற்காலியாக்கி ஆர்டருக்காகக் காத்திருக்கும் டெலிவரி தம்பிகளுக்கு முதலாளி யாரென்றே தெரியாது. அவர்களுக்கென நலவாரியம் 2023 இறுதியில் அமைந்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறையைத் திறந்தது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டு இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரம் இரண்டு இடத்தில் ஒரு கூரை, பெஞ்சு, கழிப்பறை, சார்ஜ் போட பிளக் பாயின்ட் வைக்க மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். கடைப் பெண்களும் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே வரலாம்.

கடைசியாக வாடிக்கையாளர்கள். உட்காரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்வதெல்லாம் நம் பெயரைச் சொல்லித்தான். நமக்கு அது தேவையில்லை என்று நாமே சொன்னால் அந்தக் காரணம் விழுந்துவிடும். சேலை எடுக்க உட்கார்ந்ததும், எதிரில் நிற்பவரிடம் ‘நீங்களும் உட்காருங்கம்மா’ என்று சொல்லலாம். தயங்குவார், மேலே பார்ப்பார். மேலாளரைக் கூப்பிட்டு, அவர் உட்கார்ந்து காட்டினால்தான் எடுப்பேன் என்று சொல்லுங்கள். விற்பனை நடக்க வேண்டுமே, மறுக்க மாட்டார்.

இரவு பத்து மணிக்கு மேல் குரோம்பேட்டையில் செங்கல்பட்டு வண்டி நிற்கும்போது பெண்கள் பெட்டியைக் கவனியுங்கள். யூனிஃபார்ம் சேலை கட்டிய பிள்ளைகள் ஏறுவார்கள். இடமில்லை என்றால் கதவோரமாகக் கீழேயே அமர்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு கையாலும் கெண்டைக்காலை அழுத்திக்கொள்வார்கள். கூடுவாஞ்சேரி வரும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை.