கடல் பொங்கினால் படகும் எமன்தான்! மிதந்து வரும் ஆபத்தை கணக்கிடுவது எப்படி?

கீழக்குயில்குடி,

சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடியில் இருந்து கடல் சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். ஆனாலும் வேளாங்கண்ணி, நாகூர், ராமேசுவரம் என்று மதுரை பக்கத்து ஜனங்கள் கடற்கரைக்கு போய் வருவது சகஜம். கடல் ஊருக்குள் புகுந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரோடு என்ன மிதந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களும் சிக்கினார்கள். நாகை துறைமுகத்தில் நின்ற விசைப்படகுகள் ஊருக்குள் தூக்கி வீசப்பட்டன. அக்கரைப்பேட்டை பாலத்தில் படகுகள் மோதி, ஒன்றின் மேல் ஒன்றாக குவிந்தன.

13 டன் இடி

நீச்சல் தெரிந்தவனுக்கும் இதில் வழி இல்லை. 3 அடி தண்ணீர் வேகமாக வந்தாலே கார் மிதந்து விடும். அது வந்து மோதினால் தூணில் சுமார் 13 டன் அளவுக்கு அடி விழும் என்று வைத்து கட்டிடம் கட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க சிவில் என்ஜினீயர்கள் சங்கத்தின் 2016-ம் ஆண்டு விதிமுறை. மரக்கட்டை என்றால் குறைந்தது 450 கிலோ எடை என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். கட்டை பக்கவாட்டில் இடிப்பதை விட, முனையால் குத்துவதுதான் மோசம்.

இடிப்பதோடு முடிவதில்லை. வைகையில் வெள்ளம் வரும்போது ஆகாயத்தாமரை பாலத்தின் கண்களை அடைத்துக்கொண்டு நிற்பதை மதுரைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அதே கதைதான். குப்பையும் கட்டையும் தூண்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டால், சும்மா ஓடிப்போக வேண்டிய தண்ணீர் மொத்தமும் கட்டிடத்தை தள்ள ஆரம்பிக்கும்.

50 மடங்கு இடம்

எந்த தெருவுக்கு ஆபத்து என்பதற்கும் கணக்கு உண்டு. துறைமுகத்தில் கப்பல், கண்டெய்னர் எல்லாம் சேர்ந்து 1 ஏக்கரை அடைத்திருந்தால், வெள்ளம் போகும் திசையில் விசிறி மாதிரி 45 டிகிரிக்கு விரித்து 50 ஏக்கர் வரை அவை சிதறும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அதே விசிறியை கடல் பக்கம் திருப்பி இன்னொரு முறை போடுவார்கள். காரணம், தண்ணீர் வடியும்போது எல்லாம் திரும்பி வரும்.

கணக்குக்கு அடங்காததும் நடக்கும். அதே 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் 2 ஆயிரத்து 600 டன் எடையுள்ள, மின்சாரம் தயாரிக்கும் மிதவை கப்பலே 2 கிலோ மீட்டருக்கு மேல் ஊருக்குள் வந்து உட்கார்ந்து விட்டது.

ஆகவே கடற்கரை ஊரில் மாட்டிக்கொண்டால் படகுத்துறை, கார் நிறுத்தும் இடம், மர டிப்போ இவற்றுக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது. மேட்டுக்கு ஓட நேரம் இல்லை என்றால் உறுதியான கான்கிரீட் கட்டிடத்தின் மேல்மாடிக்கு ஏறி விட வேண்டும். முதல் அலை வடிந்ததும் செருப்பு, பை தேடி கீழே இறங்கக்கூடாது. உள்ளே போன படகும் கட்டையும் கடலுக்கு திரும்பும் நேரம் அதுதான். அடுத்த அலையும் வரலாம்.