சம்பளச் சீட்டில் தொடங்கும் மகப்பேறு விடுப்பு

ஓர் ஆசிரியை வகுப்புக்கு வர முடியாமல் போக ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். காய்ச்சல், உறவில் ஒரு சாவு, பஸ் ஸ்டிரைக் என எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆறேழு மாதங்களுக்கு முன்பே தேதி தெரிந்துவிடுவது பிரசவம் ஒன்றுதான். ஆனால் பள்ளிகளில் பெரும் பதற்றத்தைக் கிளப்புவதும் அதுவே. பத்தாம் வகுப்புக்கு யார் போர்ஷன் முடிப்பது என்று தாளாளர் கேட்பார். மே மாதத்தில் வருகிற மாதிரி பார்த்திருக்கலாமே என்று ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு எழும். தேதியைச் சரியாக அமைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு இந்த இரண்டு பேச்சிலும் இருக்கிறது. அந்த நினைப்பே தவறு. விடுப்புக் காலத்தில் சம்பளம் யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் போர்ஷன் பிரச்சினை தானே அடங்கிவிடும்.

மே மாதக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சட்டம் தரும் 26 வாரம் என்பது ஞாயிறும் விடுமுறையும் சேர்ந்த வாரங்கள். 1977-இல் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஓர் எஸ்டேட் தொழிலாளியின் வழக்கில், மகப்பேறு உதவியைக் கணக்கிடும்போது வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறுக்கும் பணம் உண்டு என்று தீர்ப்பானது. அந்தத் தொழிலாளிக்கு அது லாபம். அதே கணக்கில் பார்த்தால், மே மாதத்தில் பிரசவிக்கும் ஆசிரியையின் கோடை விடுமுறை அந்த 26 வாரத்துக்குள் கரைந்துபோகும். எப்படியும் கிடைக்க வேண்டிய விடுமுறையை மகப்பேறு விடுப்பாகக் கழித்துவிட்டு அவர் பள்ளிக்குத் திரும்புகிறார். அமெரிக்கக் குடும்ப விடுப்புச் சட்டத்தில் பள்ளி மூடியிருக்கும் கோடை வாரங்கள் கணக்கில் சேராது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், அங்கே அந்தச் சட்டம் தரும் 12 வாரத்துக்கும் சம்பளம் கிடையாது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இந்தக் கவலைகள் குறைவு. 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும் உயர்ந்த விடுப்பு, 2021 ஜூலை 1 முதல் ஓராண்டு ஆனது, அதுவும் முழுச் சம்பளத்துடன். விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இரண்டு குழந்தைகளுக்கு மேல் கிடையாது என்ற வரம்பும் அசைந்திருக்கிறது. முதல் மணத்தில் பிறந்த இரு குழந்தைகளும் தந்தையிடம் வளர, மறுமணத்தில் தாயான தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது செல்லாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் அடங்கியது என்றும் அது சொன்னது.

தனியார் பள்ளி ஆசிரியை நிற்பது வேறு தரையில். 1961 மகப்பேறு நலச் சட்டம் 2017 திருத்தத்தால் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தை உறுதி செய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஆனால் பள்ளி ஒரு தொழில் நிறுவனமா, ஆசிரியர் தொழிலாளியா என்ற பழைய வழக்காடல் இன்னும் ஓயவில்லை. ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் தொழிலாளி அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடை அவருக்கும் உண்டு என்பது அதே நீதிமன்றத்தில் 2022-இல்தான் தீர்ந்தது. தனியார் கல்வி நிறுவனங்களை மகப்பேறு சட்டத்துக்குள் கொண்டுவரக் கேரளம் 2020-இல் தனி அறிவிக்கையே போட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. கல்வி நிறுவனங்களை 2010-லேயே அரசு, தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐக்குள் கொண்டுவந்தது. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடின. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்றது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இதில் சேர வேண்டும். பள்ளி 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் செலுத்துவார்கள். பிரசவத்தின்போது 26 வாரச் சராசரிச் சம்பளத்தை இஎஸ்ஐ கழகம் நேரே கணக்கில் போடும், தாளாளரிடம் கைநீட்ட வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பம் உறுதியான பின் ஓடிப்போய்ச் சேர்ந்தால் பலன் கிடைக்காமல் போகலாம். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். முதன்முறை சேர்பவருக்கோ ஒன்பது மாதம் கழித்துத்தான் பயன்காலமே தொடங்கும். ஜூனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு டிசம்பரில் பிரசவமானால் இஎஸ்ஐ உதவி இல்லை, ஏப்ரலில் ஆனால் உண்டு. ஆகவே ஆசிரியை முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை அல்ல, சம்பளச் சீட்டை. அதில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா? காப்பீட்டு எண் கையில் இருந்தால் இதைத் தெரிந்துகொள்வது கடினமில்லை.

சின்னப் பள்ளிகள் இந்தச் சுமையை எப்படித் தாங்கும் என்பது முதல் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15,000 ரூபாய் சம்பளத்துக்குப் பள்ளியின் பங்கு மாதம் 487 ரூபாய் 50 காசு. இஎஸ்ஐ இல்லாமல் 26 வாரச் சம்பளத்தைப் பள்ளியே கொடுத்தால் ஏறக்குறைய 90,000 ரூபாய், அதாவது அந்த ஒருவருக்காகப் பதினைந்து ஆண்டுகள் கட்டும் சந்தா. கூடவே அந்த ஆறு மாதமும் பதில் ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும். இரட்டைச் செலவுக்கு அஞ்சும் நிர்வாகம் என்ன செய்கிறது என்பது ஊரறிந்த கதை. புதிதாய்த் திருமணமானவரை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறது, அல்லது ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு குழந்தை பிறந்தபின் புதிதாகச் சேரச் சொல்கிறது. அந்த ஒரு கடிதத்தால் பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்தாண்டுத் தொடர்ச்சி அறுந்துபோகும். முறையாக விடுப்பில் போயிருந்தால் அந்த நாட்களும் தொடர்ச்சியான பணியாகவே கணக்காகும். எனவே ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரசவத் தேதிக்கான மருத்துவச் சான்றை இணைத்து விடுப்பை எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள்.

பிள்ளைகளின் படிப்பு கெடாதா என்பது இரண்டாவது ஆட்சேபம். நியாயமான கவலை, அரசுப் பள்ளியின் ஓராண்டு விடுப்பில் இன்னும் கூடுதலாகவே. ஆனால் படிப்பைக் கெடுப்பது காலியாகக் கிடக்கும் இடம். ஆறு மாதம் முன்பே தெரிந்த ஒரு தேதிக்குப் பதில் ஆசிரியரை ஏற்பாடு செய்யாதது நிர்வாகத்தின் குறை, அதைக் கர்ப்பிணியின் தலையில் கட்டுவது முறையல்ல. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் வகுப்பை ஜூனிலேயே வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க ஒரு கால அட்டவணை போதும். விடுப்பு முடிந்து திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். சம்பளமும் வேலையும் காத்திருக்கும் இடத்துக்குத் திரும்ப வராதவரைவிட, ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பப்பட்டதால் வராமல் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் கொண்டுவந்த முதல் மகப்பேறு உடன்படிக்கையே, இந்த உதவி பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்றது. முதலாளி மட்டும் கொடுப்பதென்றால் அவர் பெண்களையே வேலைக்கு எடுக்கமாட்டார் என்பது அப்போதே தெரிந்திருந்தது. நம் ஏற்பாடு பாதி வழியில் நிற்கிறது. 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குக் காப்பீடு உதவுகிறது. அதற்கு மேல் நூறு ரூபாய் கூடினாலும், அந்தச் சந்தாக் காலம் முடிந்ததும் ஆசிரியை காப்பீட்டை இழந்து தாளாளரின் மனத்தை நம்பி நிற்கிறார். சம்பள உயர்வு ஒருவரது பாதுகாப்பைக் குறைக்கிறது என்றால் அது விசித்திரமான ஏற்பாடு. அந்த வரம்பு 2017 ஜனவரியில் வகுக்கப்பட்டது. மகப்பேறு உதவிக்கு மட்டுமாவது மத்திய அரசு அதை எடுத்துவிட வேண்டும்.