பேச உதவும் திரையில் எதை எங்கே வைப்பது?

பேச்சு வராத ஒரு குழந்தைக்கு டேப்லெட்டில் படக்கட்டங்கள் அமைத்துக் கொடுக்கச் சொன்னால், பெரியவர்கள் முதலில் வைப்பது ஆப்பிள், வாழைப்பழம், பசு, நாற்காலி. அரிச்சுவடிப் பழக்கம் லேசில் விடுகிறதா? பசுவின் படத்தைத் தொட்டால் கருவி 'பசு' என்று சொல்லும், சரி. அந்தப் பசு கிட்டே வருகிறது, பயமாக இருக்கிறது, போயிடலாம் என்று சொல்ல அந்தத் திரையில் வழி உண்டா?

பெருமூளை வாதம், ஆட்டிசம், பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சிழப்பு என்று பல காரணங்களால் வாய்விட்டுப் பேச முடியாதவர்களுக்குத் தொட்டால் குரல் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்புடன் சேர்ந்து உருவாக்கிய 'ஆவாஸ்' அவற்றில் ஒன்று. முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட் செயலியானது. ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும், திரையில் இல்லாத சொல்லை அதைப் பயன்படுத்துபவர் எளிதில் சொல்லிவிட முடியாது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையால் சுத்தமாக முடியாது. அதனால் கட்டம் அமைப்பவரின் கையில் இருப்பது சாதாரணப் பொறுப்பல்ல.

நாம் அன்றாடம் பேசுவதில் ஏறத்தாழ 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்கின்றன ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள். நான், நீ, வா, போ, இன்னும், அது, எங்கே, வேணும், வேண்டாம் போன்ற சொற்கள்தான் அவை. இவற்றுக்குப் படம் வரைவது கடினம் என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். 'நன்றி', 'தயவுசெய்து' இரண்டும் மட்டும் தவறாமல் இடம்பிடித்துவிடும்! அண்ணனைத் திட்ட ஒரு 'போடா' வேண்டாமா?

அடுத்தது இடம். செல்போன் கீபோர்டில் எழுத்தைத் தேடியா தட்டுகிறோம்? விரலுக்கே தெரியும். படக்கட்டமும் அப்படித்தான். இன்று 8 கட்டங்கள், குழந்தை தேறியதும் 20, பிறகு 40 என்று மாற்றினால், ஒவ்வொரு முறையும் சொற்கள் இடம் பெயர்ந்து, கை பழகியதெல்லாம் வீணாகும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் முதலிலேயே 40 கட்டப் பக்கத்தை அமைத்து, தேவைப்படாதவற்றை மறைத்து வைப்பார்கள். சொல் பெருகப் பெருக மூடிய கட்டங்கள் திறக்கும். 'வேணும்' இருந்த இடத்திலேயே இருக்கும்.

விரலால் தொட முடியாதவர்களுக்கு ஒற்றை ஸ்விட்ச். வரிசை வரிசையாக ஒளி நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அழுத்து. பிறகு அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக நகரும். மறுபடி ஒரு அழுத்து. ஒரு நகர்வுக்கு 1 நொடி என்று வையுங்கள். 5 வரிசை, 8 பத்தி உள்ள பக்கத்தில் இடது மேல்மூலைச் சொல்லுக்கு 2 நொடி போதும். வலது கீழ்மூலைச் சொல்லுக்கு 13 நொடி. 'தண்ணீர்' எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

நிறத்துக்கும் பங்குண்டு. அமெரிக்க ஆசிரியை எடித் ஃபிட்ஸ்ஜெரால்ட் காதுகேளாத மாணவர்களுக்கு வாக்கியம் கற்பிக்க 1926-இல் வெளியிட்ட முறையை ஒட்டி, ஆட்களுக்கு மஞ்சள், வினைக்குப் பச்சை என்று கட்டத்தின் பின்னணிக்கு வண்ணம் தீட்டும் வழக்கம் வந்தது. ஆனால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டா வில்கின்சன் குழு செய்த சோதனைகளில், குழந்தைகள் படத்தை விரைவாகக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தது படத்தின் சொந்த நிறம். சிவப்புப் பழங்களை ஒரு பக்கமாகவும் மஞ்சள் பழங்களை ஒரு பக்கமாகவும் சேர்த்து வைத்தால் தேடும் நேரம் குறைந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் வழியில் யார், என்ன செய்தார், எதை என்று இடமிருந்து வலமாகப் பத்திகளை அடுக்குவது ஆங்கில வாக்கியத்துக்குப் பொருந்தும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கில அடுக்கை அப்படியே எடுத்துப் போட்டால் கை முன்னும் பின்னும் அலையும். விகுதி வேறு இருக்கிறது: 'சாப்பிடு' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால், சாப்பிட்டாயிற்றா, இனிமேல்தான் சாப்பிட வேண்டுமா என்பது கேட்பவர் ஊகத்துக்கு விட்டது.

மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கட்டங்களைவிட ஒரு முழுப் புகைப்படம் எளிது. பாட்டி தோசை வார்க்கும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தொட்டால் 'இன்னொண்ணு', பாட்டியைத் தொட்டால் 'பாட்டி, இங்கே பாரு', சட்னிக் கிண்ணத்தைத் தொட்டால் 'காரம்!'. ஜானிஸ் லைட், கேத்ரின் டிரேகர் ஆகியோரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டரை வயதுக் குழந்தைகள் கட்டங்களைவிட இத்தகைய காட்சிப் படத்தில் சொற்களை எளிதாகக் கண்டுபிடித்தார்கள். படத்தில் மனிதர் சிறிதாக இருந்தாலும் பார்வை முதலில் அவரிடம்தான் போகிறது என்பதும் கண்ணசைவுச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஆகவே கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஸ்டுடியோ படத்தைத் தவிர்த்து, ஏதாவது வேலை நடக்கும் படத்தை எடுங்கள். நெபிராஸ்காவில் டேவிட் பியூகல்மன் குழுவினர் பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ இப்படி ஒரு திரை அமைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வேண்டாம்', 'நிறுத்து', 'வலிக்குது' மூன்றும் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே தொடுதலில் கிடைக்கட்டும். முதல் பக்கத்தை அச்சிட்டு லேமினேட் செய்து பையில் ஒன்று, குளியலறையில் ஒன்று மாட்டி வையுங்கள். சார்ஜ் தீர்ந்த டேப்லெட் பேசாது.