காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

பழைய சாமான் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய மர ஸ்டூல். நான்கு காலும் ஆட்டமில்லாமல் உறுதியாக இருந்தன. பலகையில் மட்டும் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. ஒரு செதிலை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே பச்சை, அதற்கடியில் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் பளிச்சென்ற மஞ்சள். யாரோ மூன்று முறை ஆசையாக வண்ணம் பூசி வைத்துக்கொண்ட பொருள்.

இதற்கு முன் இதேபோல் வாங்கிய இன்னொரு ஸ்டூல் என் கையில் பாழாய்ப் போனது. சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷனை, பழைய எனாமலின் மேலேயே இரண்டு கோட் அடித்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில் ஈரத்துணி பட்ட இடத்தில் புதிய பெயின்ட் பாலாடைபோல் எழும்பி, இழுத்த இழுப்புக்கு உரிந்து வந்தது. பெயின்ட்மீது கோபப்பட்டுப் பயனில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை.

பூசப்போகும் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் பெயின்ட்டும் அங்கே நிற்காது. படர்ந்து பரவினால்தான் ஒட்டும். சமையலறையில் கிடந்த ஸ்டூலில் பல வருட எண்ணெய்ப் புகை படிந்திருக்கும். அதை சோப்பும் சலவை சோடாவும் போட்டுக் கழுவிய பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் எண்ணெயையும் சேர்த்து மரத்துக்குள் தேய்த்துவிடுவோம். பழைய எனாமல் கண்ணாடிபோல் வழவழப்பானது. 120ஆம் நம்பர் தாளும் அதன்பின் 220ஆம் நம்பர் தாளும் போட்டால், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்கள் விழுகின்றன. புது பெயின்ட் அந்தக் கீறல்களில் இறங்கி இறுகும்போதுதான் பிடிப்பு வருகிறது.

ஆனால் இந்த ஸ்டூலில் அந்த மஞ்சள் என்னைத் தடுத்தது. பழைய எனாமல்களில் பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் பெரும்பாலும் ஈயக் குரோமேட்தான் தந்தது. இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயம் தூசியாகி வீடெங்கும் படியும். தரையில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயம் குழந்தை உடலில் ஏறக்கூடும். உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. வளர்கிற மூளையைத்தான் அது முதலில் தாக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் வெறும் மரம் தெரியும்வரை இழைக்கும் எண்ணத்தை விட்டேன். குழந்தைகள் வராத மொட்டை மாடியில், என்-95 முகக்கவசம் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். பெயர்ந்த செதில்களை ஈரத்தோடு சுரண்டி, செய்தித்தாளோடு சுருட்டிப் பையில் கட்டினேன். மேல் பச்சையின் பளபளப்பு போனதோடு நிறுத்தியாயிற்று. குழந்தை உட்காரவோ கடிக்கவோ வாய்ப்புள்ள குட்டி ஸ்டூலாக இருந்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

இனி பெயின்ட். எனாமல் எப்படிக் காய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அடுப்பங்கரைக்குப் போனால் போதும். சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலின் வெளிப்புறத்தில் வழிந்த எண்ணெய், சில மாதங்களில் மஞ்சள் பிசினாகி, சோப்புக்கும் அசையாமல் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அப்படி ஆவதில்லை, எத்தனை நாளானாலும் வழுக்கும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்க, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் கைகோத்து ஒரு வலையாகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெயில் அப்படிக் கோக்க இடமே அநேகமாக இல்லை. ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் இந்த விஷயத்தில் சூரியகாந்தியையும் மிஞ்சும்.

ஆக, நாம் துடைத்துச் சலித்துப்போகும் அந்தப் பிசுக்கும், எனாமல் டப்பாவில் காசு கொடுத்து வாங்கும் பிசினும் ஒரே வேதியியல். முதலில் டர்பன்டைன் போன்ற கரைப்பான் ஆவியாகிப் போகும். உண்மையான காய்தல் அதன் பிறகு, ஆக்சிஜனை உள்ளே இழுத்து நடக்கிறது. ஈரத்துணி காய்ந்தால் எடை குறையும். ஆளிவிதை எண்ணெய்ப் படலமோ காயக் காய எடை கூடும்! இந்த வினை வெப்பத்தையும் வெளிவிடுகிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும். ஆக்சிஜன் மேலிருந்துதான் வரவேண்டும் என்பதால் தடிமனாக அடிப்பதும் தவறு. மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே கிடக்கும், சில நாளில் மேற்பரப்பு சுருங்கும்.

எமல்ஷன் வேறு வழி. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அக்ரிலிக் உருண்டைகள், தண்ணீர் போகப் போக நெருங்கி, அழுந்தி, ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. ஐப்பசி மழையில் அது நாள்கணக்கில் ஈரமாக இருப்பது அதனால்தான்.

பலகையை எனாமலால் அரக்குச் சிவப்பாக்கி, காய்ந்த பின் மேலே வெள்ளையில் ஒரு சிக்குக்கோலம் போட்டேன். இங்கே வெள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அரிசி மாவைக் கரைத்து ஈரக்கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும், போட்டவுடன் கோடு மங்கலாக இருக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் பளீரென்று எழுந்து நிற்கும். மாவு அப்படியேதான் இருக்கிறது, அதைச் சூழ்ந்திருந்த தண்ணீர்தான் போய்க் காற்று வந்திருக்கிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, மாவுக்கு ஏறக்குறைய 1.5. இந்த எண்களுக்கிடையே இடைவெளி கூடக்கூட ஒளி அதிகமாகச் சிதறும், வெள்ளை கூடும். அதே மாவுக்கோலத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் கோலம் கிட்டத்தட்ட மறைந்தே போகும், வார்னிஷின் எண்ணும் 1.5தான். வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் எண்ணோ சுமார் 2.7. அதனால்தான் பிசினுக்குள் மூழ்கிக் கிடந்தும் அது வெளுப்பு மாறாமல், அடியிலுள்ள சிவப்பை மறைக்கிறது. ஏழு புள்ளிக் கோலம். மெல்லிய தூரிகையில் கை நடுங்காமல் ஒரு சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மறுநாளே தொட்டால் ஒட்டவில்லை. ஆனாலும் பலகையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பிறை மாதிரித் தடம் விழுந்தது. வலை இன்னும் பின்னி முடியவில்லை. வாரம் ஒருமுறை அதே இடத்துக்குப் பக்கத்தில் அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது வாரம் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி வைத்தேன்.