இலண்டனில் விமானத்தினின்று இறங்குவோர்க்கு

ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கும் நம்மவரிற் பலர், பெட்டிகளின் பாரத்தை எண்ணி வாடகை மோட்டாரை நாடுவர். நகரின் நடுவிடம் ஏறக்குறைய 15 மைலாதலின், கைப்பணத்தில் ஒரு பகுதி முதல் நாளே கரைந்துபோம். இருப்புப்பாதை வழிகளோ அங்கே மூன்று உள. 1998-இல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ், பாடிங்டன் நிலையத்திற்கு 15 நிமிஷத்திற் சேர்க்கும். விரைவுக்கேற்ற விலையும் உண்டு. 1977 முதல் விமான நிலையத்தின் நடுவிடம்வரை ஓடும் பிக்காடில்லி சுரங்க ரயில் ஒரு மணி நேரத்தளவு கொள்ளும். கட்டணமோ மூன்றினுங் குறைவு. 2022-இல் திறக்கப்பெற்ற எலிசபெத் பாதை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மாணவர்க்கு யாம் உரைப்பது பிக்காடில்லியே.

சீட்டுக்கு வரிசையில் நிற்கவேண்டுவதில்லை. ஆய்ஸ்டர் என்னும் அட்டையையோ பாங்கி அட்டையையோ வாயிலிலுள்ள மஞ்சள் வட்டத்தில் தொடுவித்து உட்புகுக. வெளியேறும்போதும் அவ்வட்டையையே தொடுவித்தல் வேண்டும். மறந்தாற் கட்டணம் மிகும். கணவனும் மனைவியும் ஓரட்டையிற் செல்லுதல் இயலாது; இல்லறத்தின் ஒற்றுமையை அவ்வியந்திரம் அறியாது போலும்! சுரங்க ரயிலிலும் பேருந்திலும் ஒரு நாளில் எத்துணை முறை சென்றாலும் குறித்த வரம்பிற்குமேற் பணம் கொள்ளார்.

பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டாற் போதும். 2014 முதல் அதில் ரொக்கம் பெறுவதில்லை. நள்ளிரவில் வந்திறங்குவோர் இதனை மறவாதிருப்பாராக. பிக்காடில்லி ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டுமே விடியுமளவும் ஓடும். ஏனை இரவுகளில் என்9 என்னும் பேருந்தே துணை. அது டிரபால்கர் சதுக்கத்தின் வழியே ஆல்ட்விச் வரை செல்லும்.